நோயாளியின் பொறுப்பு எதுவரை?

தன் உடம்பின் நலத்துக்கு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் பொறுப்பாளியாவான் என்பது பழைய வினா. ஆண்டுக்கணக்காய்த் தொடரும் நோய்களின் முன்னிலையில் அவ்வினா புதிய கூர்மை பெறுகின்றது. சீனாவில் உருப்பெற்று இன்று பல நாடுகளில் பயிலப்படும் சீகோங் என்னும் மென்பயிற்சியைக் கொண்டு இதனை ஆராய்வது பயனுடைத்து. முடக்குவாதம், லூப்பஸ் முதலிய நோய்களால் வருந்துவோர் பலர் அதனை நாடுகின்றனர்.

உடம்பைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடம்பையே தாக்குவதால் விளைவன இந்நோய்கள். முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வு அழற்சியுற்று வீங்குகின்றது. காலையில் விரல்களை மடக்கவே நெடுநேரம் செல்கின்றது. தக்க மருந்தின்றி விடப்பட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு மூட்டு உருக்குலைகின்றது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களை இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுகின்றது. லூப்பஸ் நோயாளருள் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களே. இந்நோயாளரின் களைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் வீட்டிலும் வேலைத்தலத்திலும் அதற்குச் சோம்பல் என்று பெயரிடுவது எளிதாகிவிடுகின்றது.

சீகோங் இவர்களுக்கு என்ன தருகின்றது? பாதுவான்ஜின் என்னும் எட்டு அசைவுத் தொடரை எடுத்துக்கொள்வோம். கைகளை மெதுவாக உயர்த்துதல், உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுதல், மூச்சை நீளவிடுதல், மனத்தை அசைவில் நிறுத்துதல் ஆகியவையே அதன் சாரம். நிற்க இயலாதவர் இருந்தபடியும் செய்யலாம். மூட்டுகள் தம் எல்லைக்குள் இயங்குகின்றன; தசைகள் முற்றாகத் தளர்ந்துவிடாமல் காக்கப்படுகின்றன; உள்ளம் சற்று அமைதியுறுகின்றது. இத்தகைய பயிற்சியின் வேர் மிகப் பழையது. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையொன்றிலிருந்து 1973இல் கிடைத்த பட்டு ஓவியத்தில், உடற்பயிற்சி செய்யும் 44 மனித உருவங்கள் காணப்படுகின்றன. ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும் அவற்றுள் உளர்.

ஆயினும் பழமை மட்டும் சான்றாகாது. சீகோங்குக்கு நெருங்கிய உறவான தாய்ச்சி முடக்குவாதத்துக்கு எவ்வளவு உதவுகின்றது என்பதைக் கொக்கரேன் ஆய்வமைப்பு 2019இல் பரிசீலித்தது. நோவையோ நோயின் வேகத்தையோ அது குறைக்கின்றது என்று உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. இப்பயிற்சிகள் நோயைத் தாங்க உதவலாம். எலும்பரிப்பைத் தடுக்கும் மெதொட்ரெக்சேற் போன்ற மருந்தின் இடத்தை அவை பெறமாட்டா. இதனைச் சொல்லத் தயங்குவது நோயாளிக்குச் செய்யும் துரோகமாகும்.

இனி, இப்பயிற்சியின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம். சீகோங் என்ற பெயரை 1949இல் மருத்துவத் துறையில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் லியூ குய்ஜென் என்னும் கம்யூனிஸ்ட் ஊழியர். அவரது நோய் வேறு. இரைப்பைப் புண்ணாலும் உறக்கமின்மையாலும் நலிந்திருந்தார். 1947இல் பணியிலிருந்து ஊருக்கு அனுப்பப்பட்டு, அங்கு மூச்சுப் பயிற்சியொன்றைக் கற்று, 102 நாட்கள் இடைவிடாது செய்து நலமடைந்தார் என்பது வரலாறு. பின்னர் தாங்ஷான் நகரிலும், 1956இல் பெய்தைஹ கடற்கரையிலும் சீகோங் சிகிச்சை நிலையங்கள் எழுந்தன. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அவரும் அவர் முறையும் தூற்றப்பட்டமை வருந்தத்தக்கது. வருந்துவோர் தமக்கு ஆறுதலாகக் கண்டதை மூடநம்பிக்கை என்று ஒரே அடியாக ஒதுக்குவது விஞ்ஞான நோக்காகாது.

லியூவின் கதையைச் சொல்வோர் மூச்சுப் பயிற்சியையே வியக்கின்றனர். அந்த 102 நாட்களை அவருக்கு அளித்தவர் யார் என்று கேட்பாரில்லை. பணியிலிருந்து ஓய்வு கிடைத்தது. உண்ணவும் உறங்கவும் இடம் இருந்தது. கற்பிக்க ஓர் ஆசான் இருந்தார். இவை இல்லாதிருப்பின் பயிற்சி ஏது?

1980களில் நிலைமை மாறியது. மக்கள் கம்யூன்கள் கலைக்கப்பட்டபோது பெரும்பாலான கிராமங்களில் கூட்டுறவு மருத்துவத் திட்டமும் சிதைந்தது. 1990களில் அரசாங்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர் பலர் மருத்துவப் பாதுகாப்பை இழந்தனர். இதே ஆண்டுகளில்தான் சீகோங் பெருவெள்ளமாய்ப் பரவியது. தம் கையிலிருந்து புறப்படும் சக்தியால் நோய் தீர்ப்பதாக உரைத்த ஆசான்களைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் மண்டபங்களில் திரண்டனர். அவ்வெள்ளத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், வைத்தியசாலையின் கதவு ஏழைக்கு மூடப்படும்போது, நோய் தீர்க்கும் சக்தி உன்னுள்ளேயே இருக்கின்றது என்ற போதனை எத்துணை இனிமையாக ஒலிக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்போதனையின் மறுபக்கம் கொடியது. சக்தி உன்னிடமே உள்ளதென்றால், நலமடையாமைக்குக் காரணமும் நீயே என்றாகிவிடுகின்றது. நோய் தணிந்தால் புகழ் முறைக்கு. தணியாவிட்டால் பழி நோயாளிக்கு. முடக்குவாதமோ தானே கிளர்ந்து தானே தணியும் இயல்பினது. அதன் ஏற்றத்தாழ்வை ஒருத்தியின் மனவுறுதிக்கு அளவுகோலாக்குவது அநீதி.

பொறுப்பு என்ற சொல்லில் இரு பொருள்கள் மயங்கிக் கிடக்கின்றன. தன்னைப் பேணிக்கொள்வது ஒன்று. தனக்கு நேர்ந்ததற்குக் குற்றவாளியாவது மற்றொன்று. முதலாவது நோயாளியின் உரிமை. நோய் அவள் உடலை ஆளும்போது, காலையில் அரைமணி நேரம் தன் கையைத் தான் விரும்பியவாறு உயர்த்துவதில் ஒரு சுதந்திரம் உண்டு. அதை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. இரண்டாவதை அவள்மேல் சுமத்தவும் எவருக்கும் உரிமையில்லை.

சீகோங்குக்குச் செலவில்லை என்பர். விடியுமுன் அடுப்பை மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, பின் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு அந்த அரைமணி நேரமே எட்டாப் பொருளாகும். அவளுக்கு ஓய்வும் ஊதியத்துடன் விடுமுறையும் மருந்தும் வீட்டுவேலையில் பங்காளியும் கிடைக்கச் செய்யும் கடமை, அவளைச் சூழ்ந்துள்ள நம் அனைவரையும் சார்ந்தது. அக்கடமையை நாம் நிறைவேற்றாதவரையில், மூச்சை ஆழமாக இழுத்துவிடுமாறு அவளுக்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கு இல்லை.