சரயேவோவில் காப்பி நேரம்

போஸ்னியத் தலைநகர் சரயேவோ என்றால் தொலைக்காட்சிக்கு இன்னும் 1992தான். எரியும் கட்டடம், ஸ்னைப்பர் குண்டுக்குப் பயந்து குனிந்து ஓடும் பெண். ஆனால் அந்தப் போஸ்னியப் போர் 1995-இல் டேட்டன் அமைதி உடன்பாட்டோடு முடிந்துவிட்டது. போரில் தீக்கிரையான நூலகக் கட்டடம் 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ட்ரேபேவிச் மலைக்குக் கேபிள் கார் 2018-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. பாஷ்சார்ஷியா கடைத்தெருவில் செம்புப் பாத்திரத்தில் வரும் காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அரட்டை அடிக்கிறார்கள்.

இதையே படம் பிடித்து ‘மீண்டெழுந்த நகரம்’ என்று எழுதும் பயண இதழ்களையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். அதுவும் பழைய போர்ப் படம் மாதிரி ஒரு சோம்பேறித்தனம்தான். ஊர்க்காரர்களின் புலம்பல் வேறு: வேலை தேடி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்விடும் பிள்ளைகள், குளிர்காலமானால் பள்ளத்தாக்கை மூடிக்கொள்ளும் புகை, எதற்கும் அசையாத அரசியல். நாட்டின் வேறு சில ஊர்களிலோ, ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் போஸ்னியாக் இனப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோவாட் இனப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. சில இடங்களில் உள்ளே போகும் வாசலே வேறு.