அந்தப் பக்கம் போனால்

அந்தப் பக்கம் போனால் குறி மாறும். யாழ்ப்பாணத்தில் சமன்பாடு படித்த எவருக்கும் இது மறக்காது. விதி சுருக்கமானது, சோதனைக்கு உதவும், ஏன் என்று கேட்காதவரை பிழைக்காது.

‘இரண்டு எக்ஸ் சமன் ஆறு’ என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இரண்டை அந்தப் பக்கம் கொண்டுபோய், சொன்னபடியே குறியையும் மாற்றி, ஆறைச் சய இரண்டால் வகுத்து, சய மூன்று என்று விடை எழுதும். பிழை போட்டால், “குறி மாறுமெண்டு நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள்” என்று கேட்கும். கேள்வியில் குற்றமில்லை, பிள்ளை சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம் என்பதை ஆசிரியர் எங்கோ ஓரிடத்தில் தாமே கண்டிருந்தால்தான் இதற்குப் பதில் சொல்லலாம். அந்த இடம் பெரும்பாலும் அவர் கற்பிக்கும் வகுப்புக்கு மேலே இருக்கிறது. சமனிலியைச் சய எண்ணால் பெருக்கும்போது அடையாளம் ஏன் திரும்புகிறது என்று மல்லுக்கட்டியவருக்கே, கீழ்வகுப்பில் தாம் ஒப்புவித்த விதியின் வேர் தெரியவரும்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இந்த மல்லுக்கட்டல் வேலையின் ஒரு பகுதி. ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை கணிதம் எடுப்பவர் கணிதம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் நேரசூசிக்குக் கிடையாது. வெறும் கட்டம் ஒன்று இருக்கும். ஆள் ஒருவர் இருப்பார். அது போதும். புவியியல் படித்தவர் எடுப்பார், ஆரம்பக் கல்விக்குப் பயிற்சி பெற்றவர் எடுப்பார். மேல்வகுப்பு ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டால் பதினோராம் தரமும் அவர் தலையில் விழும். பிறகு அவர் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வர்க்கபூர்த்தி படிப்பார். ஆசிரியர் வழிகாட்டி கையில் இருக்கும். பிள்ளைகளை எப்படிக் குழுக்களாகப் பிரிப்பது என்று அது விளக்கமாகச் சொல்லும். ஆசிரியருக்குப் பாடம் தெரியும் என்பதை அது சந்தேகித்ததே இல்லை. மரியாதை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீவுக்கு எதிர்க்கரையில், வட்டுக்கோட்டையில், ஒருகாலத்தில் ஒழுங்கு வேறாக இருந்தது. அங்கிருந்த செமினரியில் படிப்பித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் ‘வீசகணிதம்’ வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1857இல். சி. வை. தாமோதரம்பிள்ளையோடு அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவராக அவர் தேறினார். நூல் முதலில், பட்டம் பிறகு. இன்று முதலில் நியமனம் வருகிறது. பாடம் மெல்ல வந்து சேரும்.

அப்படி மெல்ல வருவதற்கு ஓர் உதாரணம்: பாடநூல்களில் படகுக் கணக்கு ஒன்று உண்டு. ஆற்றில் நீரோட்டத்தோடு போய், எதிர்த்துத் திரும்பும் படகு. யாழ்ப்பாணத்தில் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது, ஆனால் தீவுப் பிள்ளைக்குப் படகு தெரியும். பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம், படகின் வேகம் மணிக்குப் பத்து, நீரோட்டம் இரண்டு என்று வைப்போம். போகும்போது கிடைக்கிற இலாபம் திரும்பும்போது நட்டமாகிச் சரிக்குச் சரி என்றுதான் வகுப்பு சொல்லும். ஆசிரியருக்கும் அப்படித்தான் தோன்றும். செய்து பார்த்தால் போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை, மொத்தம் இரண்டரை. நீரோட்டம் இல்லாவிட்டால் இரண்டு மணித்தியாலம் 24 நிமிடம். ஆறு நிமிடம் எங்கே போனது? எட்டையும் பன்னிரண்டையும் பெருக்கினால் 96. பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. போய்வரும் தூரம் 24ஐப் படகின் வேகம் பத்தால் பெருக்கினால் 240. அதை எதனால் வகுக்கிறோம் என்பதில் இருக்கிறது விடயம். ஒன்பதாம் தரத்தில் வெறும் காரணிப்படுத்தலாக நடத்தி முடிக்கிற இரு வர்க்கங்களின் வித்தியாசம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. நீரோட்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு 100இலிருந்து அதன் வர்க்கம் கழிந்து கீழே உள்ள எண் குறையும், நேரம் கூடும். பத்தைத் தொட்டால் கீழே பூச்சியம்: படகு திரும்பி வராது. எதிர்க்காற்றில் தண்டு வலித்தவர்களுக்கு இது பழைய செய்தி. ஆசிரியருக்குப் புதிது, அன்றைக்குப் பாடவேளை போதாது.

சீனாவிலும் இப்படி நியமனம் முதலில் வந்த ஓர் ஆசிரியர் உண்டு. லிப்பிங் மா பதின்வயதில், கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஷங்காயிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டவர். எட்டு வருடப் பள்ளிப்படிப்போடு அங்கே கிராமப் பாடசாலையில் ஆசிரியரானார். பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்து 1999இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கேள்வி வருகிறது: ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். முயன்ற 21 அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேர் சரியாகச் செய்தார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் செய்தார்கள். அமெரிக்கர்களின் கையில் பட்டங்கள் இருந்தன. சீனர்கள் தம் பாடசாலையிலேயே ஒருவரோடொருவர் உட்கார்ந்து பாடத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்கள். நெடுந்தீவில் உட்காரலாம். பேச இன்னொரு கணித ஆசிரியர் வேண்டும்.

எப்படியோ சில வருடத்தில் தீவு ஆசிரியர் கற்றுக்கொள்கிறார். குறி எங்கே மாறும், எங்கே மாறாது, எந்தப் பிள்ளை எதில் சறுக்கும் என்பதெல்லாம் கைவந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்து இடமாற்றம் கிடைக்கும், கிடைக்கத்தான் வேண்டும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. தீவில் படித்த அட்சரகணிதத்தை அவர் பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். போகுமுன் அலுமாரித் திறப்பையும் வரவுப் பதிவேட்டையும் பாடநூல்களையும் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர் எழுதிவைத்த கொப்பிக்கு அந்தப் படிவத்தில் நிரல் கிடையாது. அதைக் கையோடு கொண்டுபோய்விடுவார்.