குறைவைச் சொல்லத் தெரிந்த வியாபாரி



கடை வைத்துப் பிழைக்கிற சகோதரர்கள் நம் நடுவில் அநேகர் உண்டு. "வியாபாரம் எப்படிப் போகுது தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா போகுதுண்ணே" என்றுதான் பதில் வரும். சரக்கு எடுக்கக் கையில் பணம் இல்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குறைவு வெளியே தெரிந்தால் சரக்குக் கொடுக்கிறவன் கையை இழுத்துக்கொள்வான், கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பான், ஊர் சிரிக்கும். இது வீணான பயம் என்று நான் சொல்லவில்லை. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பருப்புக் கடையில் அநேக வருஷம் கணக்கு எழுதினவன் நான். பேர் கெட்டால் கடை கெட்டது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு வியாபாரி தாழ்மையாய் இருக்க முடியுமா? இருந்தால் பிழைப்பானா? குனிந்தால் குட்டுவான் என்றல்லவா உலகம் சொல்லுகிறது!

முதலாவது, தாழ்மை என்றால் என்ன? "வாங்கண்ணே, உட்காருங்கண்ணே" என்று கைகூப்புவது தாழ்மையா? கைகூப்பிவிட்டு எடையில் குறைக்கிறவனும் உண்டு. "எனக்கு இது இல்லை, எனக்கு இது தெரியாது, உங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று மெய்யாகவே ஒத்துக்கொள்ளுகிற மனதுதான் தாழ்மை. அது வாயில் இருக்கிற காரியம் அல்ல. காதில் இருக்கிற காரியம். தாழ்மையுள்ளவன் கேட்பான்.

இதற்குத் திருஷ்டாந்தம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் மதுரை அண்ணா நகரில் நிற்கிற அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அதை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்தரிடத்தில் பக்தி கொண்டவர். பெயரையும் அங்கிருந்தே எடுத்தார். நம் விசுவாசம் வேறு. ஆனாலும் அவரிடத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. பிறரிடம் கற்றுக்கொள்ள மாட்டேன் என்பதும் பெருமைதானே?

1918ல் எட்டயபுரம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. முடக்குவாதம் வந்து நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிப்போயின, பேனா பிடிப்பதே பாடாயிற்று. அந்த ஆசையை விட்டுவிட்டுக் கண் வைத்தியம் படித்தார். கோணின அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன் செய்தவை அந்தக் கைகளே!

1976ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் சாய்வு நாற்காலி தேடுகிற வயதில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை துவக்கினார். பெரிய முதல் இல்லை. வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருந்தது. தங்கைகளும் தம்பிமாரும் கூட நின்று பாடுபட்டார்கள். இல்லாமையை மறைக்காமல், இருந்ததைக் கொண்டு ஆரம்பித்தார்கள்.

இனிதான் கவனிக்க வேண்டிய காரியம். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்கு இலவசமாய் ஆபரேஷன் என்றார்கள். ஆனால் வரவேண்டியவர்களில் அநேகர் வரவில்லை. பெருமையுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? "இலவசமாக் கொடுத்தாலும் இந்த ஜனங்களுக்கு அருமை தெரியல" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பான். இவர்களோ, ஏன் வரவில்லை என்று ஜனங்களிடமே கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை, கூட வர ஆள் இல்லை, வந்தால் அன்றைய கூலி போகும், சாப்பாட்டுக்கு வழி இல்லை, ஆபரேஷன் என்றால் பயம். இலவசம் என்பது ஏழைக்கு இலவசமாய் இல்லை! இதைக் கேட்டறிந்த பிறகு கிராமத்திலிருந்து வண்டியில் அழைத்து வந்து, சாப்பாடும் இடமும் கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஜனங்கள் வந்தார்கள்.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் என்கிற சாப்பாட்டுக் கடைகள் எங்கும் ஒரே தரத்தில், குறைந்த விலையில், ஏராளமான பேருக்குக் கொடுப்பதைப் பார்த்து, அந்த முறையைக் கண் வைத்தியத்துக்குக் கொண்டுவர யோசித்தார் டாக்டர். பேர்பெற்ற டாக்டர் ஒரு பன் கடையில் பாடம் படிக்கிறார்! கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டரே செய்ய வேண்டாத வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்கு எட்டாத விலை என்று கண்டு, 1992ல் ஆரோலேப் என்கிற ஆலையை மதுரையிலேயே துவக்கி மிகக் குறைந்த விலையில் செய்தார்கள். ஒவ்வொரு குறைவும் ஒரு வாசலைத் திறந்தது.

"இதெல்லாம் தர்மம், வியாபாரம் ஆகுமா?" என்பீர்கள். தர்மப் பணத்தை நம்பி அன்றாடச் செலவு அங்கே நடக்கவில்லை. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிற கட்டணத்தில் முடியாதவர்களுக்கும் வைத்தியம் நடக்கிறது. 2006ல் டாக்டர் காலமானார். மருத்துவமனையோ இன்றும் நடக்கிறது. தாழ்மை என்றால் அடக்க விலைக்குக் கீழே விற்று மூழ்கிப்போவது அல்ல. கணக்கு நேராய் இருக்க வேண்டும்.

அழகர்கோவில் பக்கத்து கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் என்கிற சேமிப்புக் குழுவில் பெண்களைக் கூட்டிச் சேர்த்தவர். 2001ல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். 2019ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் குழுக்களில் கடன் வேண்டுகிறவள் எல்லார் முன்னிலையிலும் தன் தேவையைச் சொல்லுவாள். வெட்கப்பட்டுக் கந்துவட்டிக்காரனிடம் இரகசியமாய்ப் போனவர்களை அந்த வட்டி தின்றது. வெளிப்படையாய்ச் சொன்னவர்களோ ஒருவரையொருவர் தாங்கினார்கள். அநியாய வட்டியைத் தடுக்க 2003ல் நம் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டி வந்தது என்றால், மறைத்து வைத்த குறைவு எத்தனை குடும்பங்களை விழுங்கியிருக்கும்!

ஒரு எச்சரிப்பு. குறைவை ஒத்துக்கொள்வது வேறு. குறைவைக் காட்டிப் பிழைப்பது வேறு. பெட்டியில் பணத்தை வைத்துக்கொண்டு, "கஷ்டமா இருக்குப்பா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று வேலையாளின் கூலியைத் தள்ளிப்போடுகிறவன் தாழ்மையுள்ளவன் அல்ல, வஞ்சகன். தெருவில் நின்று எல்லாரிடமும் புலம்பவும் வேண்டாம். யாருக்குச் சொல்லக் கடன்பட்டிருக்கிறோமோ அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளையாய் நான் கண்டதைச் சொல்லுகிறேன். தவணை தேதிக்கு முந்தின நாளே நேரில் வந்து, "ஐயா, இவ்வளவுதான் சேர்ந்தது, மீதிக்குப் பத்து நாள் கொடுங்க" என்று சொன்ன சில்லறைக் கடைக்காரருக்கு எங்கள் முதலாளி சரக்கை நிறுத்தினதில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஒளிந்தவர்களுக்குத்தான் நிறுத்தினார். பணம் தாமதித்ததினால் அல்ல, முகத்தை மறைத்ததினால் நம்பிக்கை போனது.

ஆகையால் அன்பானவர்களே, சாட்சி சொல்லும்போது வந்த லாபத்தை மாத்திரமல்ல, பட்ட குறைவையும் சொல்லப் பழகுவோம். உங்கள் கடைக்கு வருவதை நிறுத்தின ஒருவரை இந்த வாரம் தேடிப்போய், "ஏன் வரலை? எங்களிடத்தில் என்ன குறை?" என்று கேளுங்கள். அவர் சொல்லுவது கசக்கலாம். குறுக்கே பேசாமல் கேளுங்கள். வேலை செய்கிற பையனிடமும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத அநேகம் அவனுக்குத் தெரியும்.