முதலிடம் யாருக்கு? அவசர சிகிச்சைப் பிரிவில் எழும் ஓர் அறவினா

நீதி என்றதும் நீதிமன்றமும் சட்டநூலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஒரு வழக்கு ஆண்டுக்கணக்கில் விசாரிக்கப்படலாம்; தீர்ப்புப் பிழையெனின் மேன்முறையீடும் உண்டு. ஆனால், சில நிமிடங்களுள் தீர்ப்பு வழங்கப்பட வேண்டிய, மேன்முறையீட்டுக்கே இடமில்லாத மன்றம் ஒன்றும் நம்மிடையே உண்டு. அதுவே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு. 'இவர்களுள் முதலில் யார்?' என்பதே அங்கு நாள்தோறும் எழும் வினா. அவ்வினாவின் அறப்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராதனையிலிருந்து மகாவலி கங்கையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்வோர் கம்பளையையும், அதற்கப்பால் நாவலப்பிட்டியையும் அடைவர். தேயிலை மலைகள் சூழ்ந்த இத்தகைய சிறுநகரொன்றின் வைத்தியசாலையை மனத்திற் கொள்வோம். பிற்பகல் வேளை, கடமையில் இருப்பவர் ஒரே வைத்தியர். மலையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எண்மரைக் குளவிகள் கொட்டிவிட்டன. தோட்டத்து லொறியில் அவர்கள் கொண்டுவரப்படுகின்றனர். இஃது யாம் புனைந்துகொண்ட காட்சியே. ஆயினும் குளவிக்கொட்டு மலையகத் தோட்டங்களில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துவரும் துயரமாதலின், புனைவென்று ஒதுக்கத்தக்கதன்று. எழுவர் வலி தாளாது அலறுகின்றனர். எட்டாமவரான முதிய பெண்ணோ சுவரிற் சாய்ந்து ஓசையின்றி அமர்ந்திருக்கிறார். அவர்களுக்கு முன்பே வந்த, நகரிற் செல்வாக்குள்ள வணிகர் ஒருவர், முறிந்த கையுடன் அரை மணி நேரமாகக் காத்திருக்கிறார்.

முதலிடம் யாருக்கு? வந்த ஒழுங்கை நோக்கின் வணிகருக்கு. அழுகுரலை நோக்கின் எழுவருள் ஒருவருக்கு. ஆனால், கற்ற வைத்தியர் ஓசையற்ற அம்மூதாட்டியிடமே விரைவார். குளவி நஞ்சினால் உண்டாகும் கடும் ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சு அடைபடலாம், குருதியமுக்கம் வீழலாம். அலறுதற்கும் மூச்சு வேண்டும். அவரிடம் அதுவும் குறைந்துவிட்டது. தொடைத் தசையில் உடனே ஏற்றப்படும் அதிரினலின் ஊசியே அவர் உயிரைக் காக்கும். ஆகவே, ஈண்டு முதலிடம் பெறுவது தகுதியுமன்று, குரலுமன்று, தேவையே.

இக்கொள்கை போர்க்களத்திலே உருப்பெற்றது என்பது வியப்புக்குரியது. நெப்போலியனின் படையிற் பணியாற்றிய அறுவை வைத்தியர் டொமினிக் லாரே (1766–1842), காயமுற்றோரைப் பதவி நோக்காது காயத்தின் கடுமையை நோக்கியே கவனித்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். தளபதிக்கு முன் சாதாரணப் படைவீரன் சிகிச்சை பெறுதல் அக்காலத்திற் சிறிய மாற்றமன்று. நம் மரபிலும் இதற்கு இயைபான சிந்தனை உண்டு. திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், வைத்தியன் கருத்திற் கொள்ள வேண்டியனவாக நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையே கூறுகின்றது. குலமும் செல்வமும் பதவியும் அவ்வரிசையில் இடம்பெறவில்லை என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

எனினும் தேவையின் அளவுகோல் எல்லா இடர்ப்பாட்டையும் தீர்த்துவிடுவதில்லை. பிழைக்கும் வாய்ப்பு அருகிய ஒருவருக்கு வைத்தியரின் ஒரு மணி நேரம் முழுவதும் தேவைப்படுகிறது. அந்நேரத்தில் வேறு மூவரைக் காப்பாற்றலாம் எனின், என் செய்வது? பலரின் நலமே பெரிதென்போர் மூவரையே தெரிவர். இதற்கு மறுதலையாக, அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டோரெக் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், எண்ணிக்கை மட்டுமே அறக்காரணமாகாது என வாதிட்டார். இழப்புகளைக் கூட்டிக் கணக்கிட இயலாது. ஒவ்வொருவரும் தத்தம் உயிரையே இழக்கின்றனர் என்பது அவர் கருத்து. வைத்தியர் மூவரைக் காக்க முற்படுவது சரியென்றே யாம் கருதுகின்றோம். ஆயின் டோரெக் உணர்த்தும் உண்மை ஒன்றை மறத்தலாகாது. விடப்பட்ட ஒருவர் மூவரினும் தாழ்ந்தவர் என்பதனால் விடப்படவில்லை. வரிசை சிகிச்சைக்குரியது, மனிதருக்குரியதன்று.

இவ்வுண்மையிலிருந்து ஒரு கடமை பிறக்கின்றது. முதலாமவரைச் சரியாகத் தெரிந்தெடுத்தவுடன் வைத்தியரின் நீதி நிறைவுறுகின்றது என்று கொள்வதே பொதுவழக்கு. அது பாதி நீதியே. மறுபாதி, காத்திருக்குமாறு பணிக்கப்பட்டோரிடத்து அவர் நடந்துகொள்ளும் முறையிலே தங்கியுள்ளது. 'ஏன் காத்திருக்க வேண்டும்?' என்பதற்குரிய காரணம் அவர்கட்குக் கூறப்படல் வேண்டும். அதுவும் அவர்கள் அறிந்த மொழியிற் கூறப்படல் வேண்டும். சிங்களம் அறியாத தோட்டத் தொழிலாளிக்குச் சிங்களத்திலும், தமிழ் அறியாத கிராமத்தவருக்குத் தமிழிலும் கூறப்படும் காரணம், கூறப்படாத காரணமே. விளக்கமின்றிக் காத்திருக்க வைக்கப்பட்டவர், தாம் ஏழையாதலால், தமது மொழி வேறாதலால் பின்தள்ளப்பட்டதாகவே எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையாயினும், அதற்கு இடங்கொடுத்த மௌனம் பிழையற்றதன்று.

அன்றியும், காத்திருப்போர் மீண்டும் மீண்டும் நோக்கப்படல் வேண்டும். முதற்பார்வையில் நலமாகத் தோன்றிய எழுவருள் ஒருவருக்குச் சிறிது நேரத்தின் பின் மூச்சுத் திணறல் தொடங்கலாம். ஒருமுறை இட்ட வரிசையை மாற்ற மறுப்பவர், நோயாளியை விடுத்துத் தமது தீர்ப்பையே காப்பவராகின்றார். மேன்முறையீடற்ற மன்றத்தில், நீதிபதி தம் தீர்ப்பைத் தாமே மீளாய்வு செய்தல் தவிர்க்கவியலாத அறமாகும்.

இவ்விடத்துப் பிறிதொரு வினாவும் எழுகின்றது. தெரிவு செய்யும் நிலைக்கு வைத்தியரைத் தள்ளியவர் யார்? 2022 மார்ச் மாத இறுதியில், நாட்டின் பொருளாதார நெருக்கடியால் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலை முன்னரே திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது. 'எது அவசரம், எது காத்திருக்கலாம்' என்னும் அவசரப் பிரிவின் வினா, அன்று ஒரு வைத்தியசாலை முழுவதற்கும் உரியதாயிற்று. இலவச சுகாதார சேவையைப் பெருமையாகப் போற்றிய நாட்டில் இது நிகழ்ந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அந்நெருக்கடியின் தொடர்பில் முன்னாள் ஆட்சியாளர் சிலரும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. வெள்ளம் இயற்கையின் செயலாகலாம். மருந்துப் பற்றாக்குறையோ பெரும்பாலும் மனிதரின் தெரிவுகளால் விளைவது. எங்கோ செய்யப்பட்ட தெரிவுகளின் சுமையை, சிறுநகரொன்றின் இளம் வைத்தியர் தம் தோளில் ஏற்கின்றார். காத்திருப்போரின் கோபமும் அவர்மீதே பாய்கின்றது.

எனவே, 'முதலிடம் யாருக்கு?' என்னும் வினாவுக்கு 'தேவை மிக்கோருக்கு' என விடை கூறுதல் எளிது. 'இரண்டாம் இடத்தில் நிற்போருக்கு நாம் கடன்பட்டது யாது?' என்பதே அரிய வினா. காரணத்தைக் கூறுதலும் மீண்டும் நோக்குதலும் வைத்தியரின் கடன். அவர் தெரிவு செய்யவேண்டிய தருணங்களைக் குறைத்தல் சமூகத்தின் கடன். முன்னையது தவறின் வைத்தியரைக் கேட்கின்றோம். பின்னையது தவறின் யாரைக் கேட்பது என்பதையும் நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.