தெரியாது என்னும் சொல்

நோயுற்ற ஒருவர் மருத்துவரிடம் எதை நாடிச் செல்கிறார்? மருந்தை என்போம். மருந்துக்கும் முன்னதாக அவர் நாடுவது உறுதியை. "இதைச் செய்யுங்கள், குணமாகிவிடும்" என்னும் ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே ஊர்விட்டு ஊர் செல்கிறோம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் மருத்துவரை விட்டு மறுநாளே வேறொருவரைத் தேடுகிறோம். அச்சொல்லைத் திறமையின்மையின் அடையாளமாகவே நாம் கொண்டிருக்கிறோம். ஆனால், திறமையும் நேர்மையும் ஒருங்கே வாய்த்தவர்தாம் சில வேளைகளில் அச்சொல்லைச் சொல்ல முடியும். மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்தோரின் வரலாறு இவ்வுண்மையைப் போல வேறெதையும் இத்துணைத் தெளிவாக உணர்த்தவில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். துணியில் விழுந்த எண்ணெய் சிறுகச் சிறுகப் பரவுவது போலப் புற்று ஓரிடத்தில் தோன்றி அடுத்தடுத்த இடங்களுக்குப் படர்கிறது என்று அவர் கருதினார். அப்படியாயின், எவ்வளவு அகலமாக வெட்டி எடுக்கிறோமோ அவ்வளவுக்கு நன்மை. எனவே மார்பகத்தையும், அதன் கீழுள்ள தசைகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றினார். ஐம்பது பெண்களுக்குச் செய்த அறுவையின் விளைவுகளை 1894இல் வெளியிட்டார். வெட்டிய இடத்தில் நோய் மீண்டும் தலைகாட்டுவது அரிதாயிற்று. அது மெய்யே. ஆனால், குறைவாக வெட்டப்பட்ட பெண்களைவிட இப்பெண்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்களா என்னும் கேள்விக்கு அதில் விடை இல்லை.

ஹால்ஸ்டெட் கொடியவர் அல்லர். அறுவைக் கூடத்திற்குள் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். நோயாளியின் தசையைப் பொறுமையோடும் மென்மையோடும் கையாண்டவர். அவருடைய உறுதியே அவருக்குப் பின்வந்தோரின் சட்டமாகிவிட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அமெரிக்கப் பெண்களுக்கு இவ்வறுவையே விதியாயிற்று. மார்பு குழிந்து, கை வீங்கி, தலைவாரக் கையை உயர்த்த முடியாமல் வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். உயிருக்கு ஈடாகக் கொடுத்த விலை என்று அவர்கள் தம்மைத் தேற்றிக்கொண்டார்கள். அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று எவரும் முறையாகக் கேட்கவில்லை.

ஐயமுற்றவர்கள் இல்லாமலில்லை. இலண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் என்பார் 1920களிலேயே சிறு அறுவையும் ரேடியம் ஊசிகளும் கொண்டு சிகிச்சை செய்தார். தம் நோயாளிகளும் நன்கு வாழ்கிறார்கள் என்றார். அவருடைய பேச்சு எடுபடவில்லை. எடுபடாததற்கு ஒரு நியாயமும் உண்டு. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரே தேர்ந்தெடுக்கும்போது, நோய் முற்றாதவர் ஒரு பக்கமும் முற்றியவர் மறுபக்கமும் சேர்ந்துவிடக்கூடும். பின்னர்க் கிடைக்கும் வெற்றி சிகிச்சையின் வெற்றியா, தேர்வின் வெற்றியா என்று பிரித்தறிய இயலாது.

இச்சிக்கலை அவிழ்க்க ஒரு வழி உண்டு. அது நம் வீடுகளிலேயே பழகிய வழிதான். சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது, பங்குகளைச் சீட்டில் எழுதிச் சுருட்டிப் போட்டு, ஒன்றுமறியாத குழந்தையை எடுக்கச் சொல்வதில்லையா? உத்தரமேரூரில் ஊர்ச் சபைக்குக் குடவோலையிட்டு ஆள் தேர்ந்ததும் இந்தத் தமிழ் மண்தானே? விருப்பும் வெறுப்பும் கலவாதிருக்க வேண்டுமாயின் மனிதக் கை விலகி நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். பெர்னார்டு ஃபிஷர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இவ்வழியை மார்பகப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1976இல் தொடங்கிய ஆய்வில், எந்தப் பெண்ணுக்கு மார்பகம் முழுவதையும் எடுப்பது, எவருக்குக் கட்டியை மட்டும் எடுப்பது, எவருக்குக் கட்டியை எடுத்தபின் கதிர்வீச்சும் தருவது என்பதைக் குலுக்கலே முடிவு செய்தது.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. ஒரு பெண்ணின் உடலையும் உயிரையும் சீட்டுக் குலுக்கலுக்கு விடுவதா? நம்பி வந்தவளிடம் மருத்துவன் காட்டும் பரிவு இதுதானா? நம் தாய்க்கோ தமக்கைக்கோ இப்படியொரு நிலை வந்தால் நாம் இசைவோமா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தகுதியுள்ள தம் நோயாளிகளை அவ்வாய்வில் சேர்க்காத அறுவை மருத்துவர்களிடம் காரணம் கேட்டு 1984இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு கெட்டுவிடும் என்பதே பெரும்பாலோர் சொன்ன காரணம். நிச்சயமின்மையை வெளிப்படையாகப் பேசப் பிடிக்கவில்லை என்றவர்களும் இருந்தனர். கத்தியைப் பிடிக்க அஞ்சாத கைகள். "தெரியாது" என்று சொல்ல அஞ்சிய நாவுகள்!

நாம் இதை இவ்வாறு எண்ணுகிறோம். இரண்டில் எது சிறந்தது என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் குலுக்கல் என்பது குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் உண்மையிலேயே தெரியாதபோது, அவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதும் ஒரு குலுக்கலே. எந்த ஊரில் பிறந்தாள், எந்த மருத்துவரின் வாசலில் நின்றாள் என்பதே அங்கே அப்பெண்ணின் சீட்டு. வேறுபாடு ஒன்றுதான்: வெளிப்படையான குலுக்கலிலிருந்து அடுத்து வருபவள் பாடம் பெறுவாள், உறுதி என்னும் போர்வை போர்த்த குலுக்கலிலிருந்து எவரும் எதையும் கற்பதில்லை. எனவே சீட்டைப் பழிப்பதற்கு முன், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதையன்றோ பழிக்க வேண்டும்?

முடிவு என்னவாயிற்று? 1,851 பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளிவந்த அறிக்கை, மூன்று பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடில்லை என்றது. மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களுள், கதிர்வீச்சுப் பெறாதவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 14 விழுக்காட்டினருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பிற்று. ஆதலால் கதிர்வீச்சு வேண்டும் என்பதும் தெளிந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரொனேசி 1973இல் தொடங்கிய ஆய்வும் இதையே சொன்னது. ஃபிஷரின் ஆய்வில் பங்குகொண்ட ஒரு மருத்துவர் பதிவுகளைத் திரித்திருந்தது 1994இல் உலகறிய வெளிப்பட்டது. அவர் தந்தவற்றை நீக்கிக் கணக்கிட்ட பின்னும் முடிவு மாறவில்லை. மனிதரின் பொய்யையும் தாங்கி நிற்கும் வலிமை அந்த முறைக்கு இருந்தது.

அம்முறையைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுண்டு. நோயாளியின் எலும்பு மச்சையை முன்னதாக எடுத்து வைத்துக்கொண்டு, உடல் தாங்காத அளவு மருந்தைச் செலுத்தி, பின்பு மச்சையைத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை 1980களிலும் 1990களிலும் பெரும் நம்பிக்கையை ஊட்டியது. குலுக்கலுக்குக் காத்திருப்பது கொடுமை என்றனர். நீதிமன்றம் வரை சென்று அச்சிகிச்சையைக் கேட்டுப் பெற்றனர். பல்லாயிரம் பெண்கள் அதற்கு உட்பட்டனர்; சிகிச்சையாலேயே மாண்டோரும் உளர். 1999இல் முறையான ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது, அதனால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. பெரும்பயன் கண்டதாகச் சொன்ன ஒரே ஆய்வு பொய்யானது என்பது 2000இல் அம்பலமாயிற்று. பரிவு மட்டும் போதாது. உண்மையைத் துணைக்கொள்ளாத பரிவும் உயிரைக் குடிக்கும்.

இனி, இதே உரைகல்லில் நாம் பெரிதும் போற்றும் ஒன்றையும் உரசிப் பார்க்க வேண்டும். "முன்னரே கண்டுபிடித்தால் முழுதும் குணமாகும்" என்கிறோம். நோயாளி மருத்துவரைத் தேடி வருகிறாள். நலமாயிருப்பவளையோ நாம்தாம் பரிசோதனைக்கு அழைக்கிறோம். ஆகையால் இங்கே பொறுப்பு இன்னும் கனமானது. மார்பகத்தை ஊடுகதிர்ப் படமெடுக்கும் மேமோகிராம் பரிசோதனையைக் குலுக்கல் முறையில் சோதித்த முதல் ஆய்வு நியூயார்க்கில் 1963இல் தொடங்கிற்று. ஏறத்தாழ 62,000 பெண்கள் அதில் இடம்பெற்றனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் சாவுகள் குறைந்தன. நன்மை உண்டு; ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. படத்தில் அடர்ந்த திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. ஆதலால் இளம் வயதினரிடம் நோய் மறைந்திருப்பதுண்டு. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாதிருந்திருக்கக்கூடிய புற்றும் படத்தில் சிக்குவதுண்டு. ஐம்பது வயதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு 10,000 பெண்களை அழைத்தால் 43 சாவுகள் தவிர்க்கப்படும். 129 பெண்கள் தேவையின்றி நோயாளிகளாக்கப்படுவர் என்று பிரிட்டனில் 2012இல் ஒரு தனிக்குழு மதிப்பிட்டது. ஒருத்திக்கு மூவர்! அந்த ஒருத்தி யார், மூவர் யார் என்பதை எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. நால்வருமே தாம் பிழைத்துக்கொண்டதாக எண்ணி நன்றி கூறுவார்கள்.

நம் நாட்டிலும் இக்கேள்வி கேட்கப்பட்டது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓராய்வைத் தொடங்கியது. படக்கருவி எட்டாத எளிய குடியிருப்புகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் வீட்டுப் பெண்களின் மார்பகங்களைக் கையால் தொட்டுச் சோதித்தார்கள். ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்ட பெண்களை உட்கொண்ட அவ்வாய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், பயன் உறுதிப்படும் அளவுக்கு இல்லை. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரிடம் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவியின்றி ஒரு பெண்ணின் பயின்ற கை இதைச் செய்ததென்பது சிறிய செய்தியன்று. ஆயினும், ஒப்பிடுவதற்காகச் சோதிக்கப்படாமல் விடப்பட்ட குடியிருப்புகளின் பெண்களை நாம் மறத்தலாகாது. அவர்களும் ஏழைகளே. தெரியாமையே குலுக்கலுக்கு நியாயம் தருகிறது என்றோம். அத்தோடு இரு கடமைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பங்குகொள்பவளுக்கு அது குலுக்கல் என்பது புரிந்திருக்க வேண்டும்; கண்டறிந்த உண்மையின் பயன் முதலில் அவளைப் போன்றவர்களின் வாசலுக்கு வந்தாக வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல், அங்கே நடந்தது ஆராய்ச்சியன்று, சுரண்டல்.

இவையெல்லாம் மருத்துவர்களின் கதை. நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வீடுகளில் நிலவும் பழக்கத்தை எண்ணிப் பாருங்கள். மார்பில் கட்டி தென்பட்டும் நாணத்தால் மாதக் கணக்கில் மறைத்து வைக்கும் தாய்மார்கள் இன்றும் உண்டு. நலமானவளைப் பரிசோதிப்பது பற்றி எத்துணை ஐயங்கள் இருந்தாலும், கட்டியைக் கண்டவள் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. காட்டிய பின்னரும் நடப்பதென்ன? கணவரும் மகனும் மருத்துவரின் அறைக்குள் சென்று பேசுகிறார்கள். அவள் வெளியே பலகையில் அமர்ந்திருக்கிறாள். நோயின் பெயரே அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. அன்பினால் மறைக்கிறோம் என்கிறோம். மார்பகத்தை எடுப்பதா காப்பதா என்னும் முடிவு அவளைக் கேளாமலே எடுக்கப்படுகிறது.

அவளுடைய உடலைப் பற்றிய செய்தி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டுமேயன்றி, அன்பின் பெயரால் நாமே வைத்துக்கொள்ளலாகாது. தெரிந்ததை அவளிடம் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வோம். எண்பது ஆண்டுகளாக அறுவைக் கூடங்களில் சொல்லப்படாதிருந்த அந்தச் சிறு சொல், சொல்லப்பட்ட நாளிலிருந்துதான் பல பெண்கள் முழு உடலோடு வீடு திரும்பினார்கள்.