பிளத்தலும் பிணைதலும்

ஆங்கிலத்தில் 'கிளீவ்' என்றொரு வினைச்சொல் உண்டு. விறகைக் கோடரியால் பிளப்பதற்கும் அதுவே சொல். ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் ஒட்டிக்கொள்வதற்கும் அதுவே சொல். 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில பைபிளின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில் இரு பொருளும் வருகின்றன. 2-ஆம் அதிகாரத்தில், தாய் தந்தையரை விட்டு வரும் ஆண்மகன் மனைவியோடு ஒன்றிவிடுவதை அச்சொல் குறிக்கிறது. 22-ஆம் அதிகாரத்தில், பெற்ற மகனைப் பலியிடும்படி பணிக்கப்பட்ட ஆபிரகாம் அதற்கான விறகைப் பிளக்கும் இடத்திலும் அச்சொல்லே நிற்கிறது.

மூலமான எபிரேய மொழியில் இந்த மயக்கம் இல்லை. ஒட்டுவதற்கு 'தாபக்', பிளப்பதற்கு 'பாகா' என இரு வேறு சொற்கள் அங்கே உள்ளன. 'தாபக்' என்பதன் வழிவந்த 'தெவேகூத்' என்ற சொல்லால், இறைவனைப் பற்றி நிற்கும் நிலையை யூத ஞானியர் குறித்தனர். ஆங்கிலத்திலும் இவை முதலில் இரு தனி வினைகளே. காலப்போக்கில் ஒலி நெருங்கி ஒரே உருவம் பெற்றுவிட்டன. இதில் பெரிய தத்துவம் தேடுவது மிகையாகும்.

தமிழின் 'பிணங்குதல்' அத்தகைய தற்செயலன்று. கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும் பிணங்குதல். மனம் மாறுபட்டுச் சச்சரவிடுவதும் பிணங்குதல். வழியில் எதிர்ப்படும் அயலாரோடு எவரும் பிணங்குவதில்லை. பின்னிக் கிடப்பவையே ஒன்றையொன்று இழுத்து வருத்துகின்றன. சொல்லை ஆக்கியவர்கள் இல்வாழ்க்கையை நன்கு அறிந்தவர்கள் போலும்!

வடமொழியோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 'யோகம்' என்றால் இணைதல் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில், துன்பத்தோடு ஏற்பட்ட சேர்க்கையிலிருந்து பிரிவதே யோகம் எனப்படும் என்கிறார் பகவான். பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு உரை வகுத்த போஜராஜனும், புருஷனும் பிரகிருதியும் பிரிவதை 'யோகம்' என்று அம்முனிவர் அழைத்த புதுமையைத் தம் உரையின் தொடக்கத்திலேயே வியந்து போற்றுகிறார். சேர்க்கையைக் குறிக்கும் சொல்லாலேயே பிரிவைச் சொல்வானேன்? எதிலிருந்து பிரிவது என்ற கேள்விக்கு விடை காண்பதில்தான் சாதகனின் இடர் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சொற்பொழிவுகளைத் தவறாமல் கேட்கிறார். பற்றற்று வாழ்வதென முடிவு செய்கிறார். மகளின் இல்லறத்தில் துயரம் நேரும்போது 'அது அவள் பிராரப்தம்' என்று நூலைப் புரட்டுகிறார். நோயுற்ற மனைவி மருத்துவமனை வரிசையில் தனியே நிற்கிறாள். ஆனால் காலைக் காப்பி சற்றுத் தாமதித்தால் அவரால் பொறுக்க முடியவில்லை. தம் நாற்காலியில் பேரன் அமர்ந்தால் முகம் சுளிக்கிறார். கோடரி உண்மையில் இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் வெட்டுண்டது கடமை, தழைத்து நிற்பது 'எனது'. இதற்குத் துறவு என்று பெயர் சூட்டிக்கொள்வது, வெளிப்படையான தன்னலத்தைவிடக் கொடியது. ஏனெனில் திருந்துவதற்கான வழியையும் அது அடைத்துவிடுகிறது.

கீதை இவரை அறியும். உற்றாரைக் கொன்று பெறும் அரசைவிடப் பிச்சையேற்று வாழ்வது மேல் என்று அர்ஜுனன் சொன்னபோது பகவான் அதைத் துறவாக ஏற்கவில்லை. 18-ஆம் அத்தியாயத்தில், விதிக்கப்பட்ட கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம் என்றும், உடல் வருத்தத்துக்கு அஞ்சி விடுவது ராஜசம் என்றும், அப்படி விடுபவன் தியாகத்தின் பயனை அடைவதில்லை என்றும் தெளிவாகக் கூறுகிறார்.

வள்ளுவரும் 'பற்று' என்ற ஒரே சொல்லைத் துறவு அதிகாரத்தில் விடவேண்டியதற்கும் கொள்ளவேண்டியதற்கும் பயன்படுத்துகிறார். கணக்கேட்டில் பற்று என்பது கொடுத்துத் தீர்க்க வேண்டிய தொகை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இளம் வயதிலேயே அனைத்தையும் துறந்தவர் ஆதிசங்கரர். அன்னையின் இறுதிக் காலத்தில் உடனிருப்பதாகத் தந்த வாக்கை அவர் மறக்கவில்லை என்று சங்கர விஜய நூல்கள் சொல்கின்றன. காலடிக்குத் திரும்பி வந்தார். துறவிக்கு ஈமக்கடன் செய்யும் உரிமை ஏது என்று கூறி, உறவினர் உதவ மறுத்து அகன்றனர். வீட்டின் அருகிலேயே உலர்ந்த விறகைத் தாமே சேர்த்து, அன்னையின் சிதைக்கு அவர் தீ மூட்டினார்.