வேண்டாத எண்ணம்

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியனுப்பிய கதையை நாம் அனைவரும் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அதுவரை குரங்கைப்பற்றி எண்ணியே இராத நோயாளி, கிண்ணத்தை எடுத்தபோதெல்லாம் குரங்கையே கண்டான். 1987ஆம் ஆண்டு டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ இதையே ஆய்வாக நடத்தி வெளியிட்டனர். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதிருக்குமாறு மாணவர்களைப் பணித்தனர். நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி மீண்டும் மீண்டும் ஒலித்தது. பின்னர், 'இனி நினைக்கலாம்' என்றபோது, முன்பு அடக்கியவர்களே மற்றவர்களினும் மிகுதியாகக் கரடியை நினைத்தனர்.

கரடியால் கேடில்லை. பொறாமை அத்தகையதன்று. என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரை அவையில் பாராட்டினார்கள். கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, 'இவர் ஒருநாள் சறுக்கி விழமாட்டாரா?' என்றோர் எண்ணம் என்னுள் எழுந்தது. அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தது அந்த எண்ணமன்று. 'நான் இத்துணைக் கீழானவனா?' என்னும் கேள்வியே.

எழுந்த எண்ணத்திற்கு மனிதன் குற்றவாளி ஆவானா? உள்ளத்தால் நினைப்பதும் தீது என வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் கூறவில்லையா என மாணவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே கடியப்படுவது பிறர் பொருளை வஞ்சித்துக் கவர்வோம் என்னும் துணிவு. அழையாமல் வந்து நிற்கும் நினைவு வேறு. அதற்குப் பாய் விரித்து அமரச் செய்வது வேறு. முன்னதற்காக நம்மை நாமே தண்டித்துக்கொள்வது, குரங்கை விரட்டிய நோயாளியின் வேலையே.

தீய எண்ணங்களை நீக்க மச்சிம நிகாயத்தின் இருபதாம் சூத்திரத்தில் புத்தர் ஐந்து வழிகள் கூறுகிறார். பல்லைக் கடித்து மனத்தை மனத்தால் அடக்குவது அவற்றுள் கடைசி. மற்றவை பயன்படாதபோது மட்டுமே கொள்ளத்தக்கது. முதல் வழி, தச்சன் நுண்ணிய ஆப்பைக் கொண்டு பருத்த ஆப்பை வெளியேற்றுவதுபோல, நல்லெண்ணம் ஒன்றை அவ்விடத்தில் செலுத்துவது. எத்துணை எளிய உவமை! ஆயினும் நுண்ணிய ஆப்புக்கு எங்கே போவது?

மறுநாள் காலையில் அவரிடமே சென்று, "ஐயா, தங்கள் பாடக்குறிப்பை நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவர் வியந்து, மகிழ்ந்து, ஏட்டைத் தந்தார். அன்று மாலையும் அந்த எண்ணம் வந்தது. அப்போது நான் ஏட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன்; புணர்ச்சி விதியை அவர் விளக்கியிருந்த முறை நன்றாக இருந்தது.